சோறு இறங்கலை

பழனி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தலை மொட்டை. கையில் மூடி தொலைந்துபோன ஒரு பித்தளைத் தூக்குவாளி. திண்டுக்கல் மலைக்கோட்டை முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற வைராக்கியமெல்லாம் எனக்கு இல்லை. பார்த்தேன். பார்த்தபோதெல்லாம் அது அங்கேயே இருந்தது. நான்தான் போய்க்கொண்டிருந்தேன்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் நின்ற காலம். அந்த ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், நிழல் விழுகிற பக்கத்தை மாட்டுவண்டிகள் பிடித்துக்கொள்ளும், நடக்கிறவனுக்கு வெயில்தான் மிச்சம். எதிரே பழனிக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லாத் தலையும் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம். என்னைப் பார்த்ததும் தங்கள் ஆள் என்று நினைத்து ஒரு அம்மாள் நிறுத்தினாள். நான் ஒன்றும் கேட்காமலேயே என் உள்ளங்கையில் கொஞ்சம் பஞ்சாமிர்தத்தை வழித்து வைத்தாள். நக்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இது அப்பாவுக்கு இறங்கியிருக்குமே, இதை யாரும் கொடுத்துப் பார்க்கவில்லையே என்று அந்த வெயிலில் நின்று நினைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து வந்த ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்தினார்.

“ஏலே அப்பு, முடிய எறக்கிட்டு மறுக்கா அங்கிட்டே போறியே, முருகன்கிட்ட எதையும் மறந்து வச்சுட்டு வந்துட்டியா?”

ஆமாம் என்றேன். அவர் சிரித்தார். ரெட்டியார்சத்திரம் வரைக்கும் ஏறிக்கொள்ளச் சொன்னார். சந்தனத்தை வெயில் உருக்கிவிட்டதா என்றும் கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன்.

அது முருகனுக்குக் கொடுத்த முடி இல்லை. முந்தின நாள் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க எடுத்தது. காலையில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தவன், ஈரத்துணி காய்வதற்கு முன்னால் கிளம்பிவிட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நாம் இப்போது யார் வீட்டுக்காவது போய் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம். பக்கத்தில் இருப்பவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்ப்பதில்லை. அப்படித்தான் நம்மை வளர்த்தார்கள். சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்தால் கண் பட்டுவிடும், தின்ற சோறு உடம்பில் ஒட்டாது என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கை ஓய்ந்த சத்தம் கேட்டால்தான் மறுசோறு போடத் திரும்புவார்கள். ஒரு மனிதர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து பட்டினி கிடந்தார். நாங்கள் அத்தனை பேரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் சிப்ப மூட்டை தூக்கினார். பெரியப்பா, அதாவது அவருடைய அண்ணன், அதே கிட்டங்கியில் மேஸ்திரி. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரே சந்தில் இரண்டு வீடும் ஒட்டி இருந்தன. சந்து முழுக்கப் புகையிலை வாடையும், அதன் மேல் தெளிக்கிற கருப்பட்டிப் பாகின் வாடையும் கலந்து அடிக்கும். புது ஆட்கள் வந்தால் தும்முவார்கள். எங்களுக்கு அதுதான் காற்று. அப்பாவின் கன்னத்துக்குள் எந்நேரமும் ஒரு துண்டு புகையிலை அடங்கி இருக்கும். தூங்கும்போதுகூட அதைத் துப்பினாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அவர் நல்ல சாப்பாட்டுக்காரர். அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெண்கலக் கும்பாவில்தான் சாப்பிடுவார். என் இரண்டு கையாலும் தூக்க முடியாத கனம். சோளச்சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, மொச்சைக் குழம்பை ஊற்றி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி உள்ளே போடுவார். மெல்லுகிறாரா என்பதே தெரியாது. பெரியப்பா அவரைக் கேலி செய்வார். என் தம்பிக்குப் பல் எதுக்கு, சும்மா வேலிக்கு வச்சிருக்கான் என்பார்.

எனக்கு அக்கா ஒருத்தி. என்னைவிட நிறைய மூத்தவள், என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவளைத் தன் மனைவியின் தம்பிக்குக் கொடுப்பதாகப் பெரியப்பா முடிவு செய்திருந்தார். அந்த ஆளுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்து செத்திருந்தாள். அக்கா மாட்டேன் என்றாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்காததால், ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றுகிற ஒருவரோடு போய்ப் பழனி அடிவாரத்தில் தாலி கட்டிக்கொண்டாள். காய்கறி லாரியோடு திண்டுக்கல் வந்து போன ஆள் அவர். வேறு சாதி என்பதைத் தவிர, அவர் மேல் யாராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

செய்தி வந்த அன்று நான் அப்பாவின் பக்கத்தில்தான் இருந்தேன். பெரியப்பா குதித்தார். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அப்பா புகையிலைச் சாற்றைச் சாக்கடையில் துப்பிவிட்டு, “நல்ல வேலைக்காரப் பயலாம்ல” என்றார். அன்று ராத்திரி கும்பா நிறையச் சாப்பிட்டார், மோர் கேட்டு வாங்கினார். அவர் உடைந்துபோகவில்லை. இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான், என்னை யாரும் கேட்கவில்லை.

அது நடந்து, ஒரு மழைக்காலம் போய், மொச்சை காய்க்கிற பனிக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருந்தார்கள். ஒரு துண்டு அப்பாவுக்குத் தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. எழுந்து நின்றார். நெஞ்சுக்குழியில் குத்தினார். தண்ணீர் குடித்தார், தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. வாசலுக்குப் போய்க் குனிந்து கக்கினார். கக்கியதைப் பார்த்தேன், கறி அப்படியே முழுசாக இருந்தது. கிழட்டு ஆட்டை வெட்டிட்டான் என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்கப்புறம் கறி வேண்டாம் என்றார். பிறகு சோளச்சோறு வேண்டாம், நெல்லுச்சோறு இருந்தால் போடு என்றார். நெல்லுச்சோறு எங்கள் வீட்டில் தீபாவளிக்குச் சமைக்கிறது. அம்மா எங்கிருந்தோ அரிசி வாங்கினாள். அதிலும் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. கோழி தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்க்குமே, அப்படிக் கழுத்தை நீட்டுவார். இடது கை தானாக நெஞ்சுக்குப் போகும். விழுங்கியதும் இருமுவார். இருமி முடித்துப் பேசினால் குரல் ஈரமாக, பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி வரும். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடுவதே இல்லை. முன்பெல்லாம் முதல் ஆளாக உட்காருகிறவர், எல்லோரும் சாப்பிட்ட பிறகு உட்கார ஆரம்பித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். நாங்கள் படுத்த பிறகும் கும்பாவில் விரல் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எச்சில் விழுங்க முடியாமல் ஒரு சிரட்டையை வைத்துத் துப்பிக்கொண்டார். புகையிலைச் சாறு என்றே எல்லோரும் நினைத்தார்கள். இடுப்புவேட்டி நிற்காமல் நழுவியது.

இத்தனையும் எங்கள் கண்ணுக்கு எதிரே நடந்தது. அப்பா மறைக்கவும் இல்லை. ஒருநாள் அம்மாவிடம் தெளிவாகவே சொன்னார்.

“சோறு எறங்க மாட்டேங்குது.”

அந்தச் சொல்தான் அவரைக் கொன்றது என்று நான் நினைக்கிறேன். நம் பேச்சில் சோறு எப்போது இறங்காது? மாடு செத்தால் இறங்காது. மகன் ஓடிப்போனால் இறங்காது. கூடப்பிறந்தவனோடு சண்டை என்றால் இறங்காது. துக்கம் வந்த வீட்டில் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். தொண்டை அடைத்துப்போன ஒரு மனிதன் தன் தொண்டையில் நடப்பதைச் சொல்ல அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் கிடையாது. அதைச் சொன்ன உடனே அம்மா அழுதாள். பெரியப்பாவுக்கு ஆள் போனது. அவர் வந்து தம்பியின் தோளில் கை வைத்தார்.

“எப்பிடிடா எறங்கும்? பெத்தவன்ல.”

அன்றிலிருந்து அக்கா குற்றவாளி ஆனாள். சந்து முழுக்க அப்பாவுக்குப் பெயர் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் இல்லாத பாசத்தை அப்பாவிடம் கண்டார்கள். மகளை நினைத்து ஒருத்தன் இப்படி உருகுவானா என்றார்கள். அவர் தெருவில் போனால் வழிவிட்டார்கள். இதில் எனக்கு இப்போதும் கசப்பாக இருக்கிற ஒன்று உண்டு. நாளாக ஆக அப்பாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ‘நல்ல வேலைக்காரப் பயலாம்ல’ என்று சொன்ன மனிதர், சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு, ஆமா, அந்தப் பிள்ள போனதிலேருந்துதான் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு இருப்பதைவிட, ஊர் கொடுக்கிற காரணத்தை வாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு தொக்கம் எடுக்கிற பெண் வந்தாள். சாப்பிட்டது உள்ளே எங்காவது சிக்கிக்கொண்டால் அதற்குத் தொக்கம் என்று பெயர். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது அவள் கையில் படுத்திருப்போம். அப்பாவின் தொண்டையில் விளக்கெண்ணெய் தடவி நீவினாள். குனிந்து வாய் வைத்து உறிஞ்சினாள். எழுந்து உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். ஊறிப்போன ஒரு சோற்று உருண்டை. அதில் சுற்றிக்கொண்டு நீளமாக ஒரு மயிர்.

“பொம்பளப்பிள்ள மயிரு” என்றாள்.

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். போகும்போது அக்கா எதையோ சோற்றில் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்பது வரைக்கும் பேச்சு போனது. தொக்கம் எடுத்தவளின் தலையிலும் இடுப்பு வரைக்கும் மயிர் இருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாத பக்கம் பார்ப்பதும், பார்க்க வேண்டிய பக்கம் பார்க்காததும் எங்கள் சந்தில் ஒரு பழக்கமாக இருந்தது.

லாரிக்காரர் யாரோ சொல்லி அக்காவுக்குச் செய்தி போயிருக்கிறது. ஒரு காலை வேளையில், பெரியப்பா கிட்டங்கிக்குப் போயிருப்பார் என்று கணக்குப் போட்டு வந்தாள். கையில் இந்தத் தூக்குவாளி. அதில் துணியில் வடிகட்டிய கேப்பைக்கூழ், உப்பும் மோரும் கலந்தது. அம்மா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அக்கா நேராக அப்பாவுக்கு எதிரே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதலில் கும்பாவில் கொஞ்சம் சோறு வைத்துத் தின்னச் சொன்னாள். அவர் வாயில் வைத்ததும் அவர் முகத்தையே பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. வாய், தொண்டை, நெஞ்சு என்று அவள் பார்வை இறங்கியது.

“பாக்காதடி, கண்ணு படும்” என்றாள் அம்மா.

“படட்டும்மா.”

அப்பா விழுங்கினார், கழுத்தை நீட்டினார், நெஞ்சைப் பிடித்தார், இருமினார். சோறு திரும்பி வந்தது. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். முதல் வாய் தயங்கியது. அப்புறம் இறங்கியது. அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதை நானும் பார்த்தேன். அக்கா பார்த்ததால் எனக்கும் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அவர் தூக்குவாளியை அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்த வேகத்தை நான் மறக்கவில்லை.

“எங்கனப்பா நிக்குது?”

அப்பா நெஞ்செலும்புக்கு மேலே ஒரு விரலை வைத்தார்.

“பசிக்குதா?”

அவர் எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தார். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“பசி உசுரு போகுதுத்தா” என்றார்.

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். “துக்கத்துல பசிக்குமாம்மா? துக்கத்துக்குக் கூழு எது சோறு எதுன்னு தெரியுமா? கூழு எறங்குது, சோறு நிக்குது. இது மனசு இல்ல, தொண்டை. உள்ள என்னமோ இருக்கு. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

அம்மா யோசித்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குள் சந்தில் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பா வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா சொன்னதையே அவரிடமும் சொன்னாள். பதறாமல், ஒவ்வொன்றாக, விரல்விட்டுச் சொன்னாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வீட்டில் அதைச் சொல்ல உரிமை இல்லாத ஒரே ஆளும் அவள்தான். அவள் வாயிலிருந்து வந்ததாலேயே அது சாக்குப்போக்கு ஆகிவிட்டது.

“நீ செஞ்சத உங்கப்பன் தொண்டையில ஏத்திவிடப் பாக்குறியா?” என்றார் பெரியப்பா. “மனசு நோகடிச்சவ, இப்ப வைத்தியம் பாக்க வந்துட்டா.”

தூக்குவாளியை வாங்கி வாசலில் கவிழ்த்தார். மூடி உருண்டு சாக்கடைக்குள் போனது. நாய் வந்து கூழை நக்கியது. அப்பா நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா அவரிடம் கேட்டார், நீயே சொல்லு தம்பி, இவ பேச்சைக் கேட்டு மதுரைக்குப் போவோமா?

அப்பாவின் வாயை நான் பார்த்தேன். அது திறந்தது, மூடியது. பிறகு, “அண்ணன் பாத்துச் செய்யட்டும்” என்றது.

அக்கா தூக்குவாளியை எடுக்காமலேயே போய்விட்டாள்.

நான் அன்று ராத்திரி அக்கா சொன்னதைத் திருப்பிச் சொல்லி அடிவாங்கினேன். வலித்தது என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா மறுநாளிலிருந்து கேப்பையை வடிகட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதனால் அப்பா இன்னும் கொஞ்ச காலம் இருந்தார். கூழ் நின்றது, பிறகு பழையசோற்று நீச்சத்தண்ணி மட்டும் என்று ஆனது. அதுவும் ஒருநாள் நின்றது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவும் திண்டுக்கல்லிலேயே. டாக்டர், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். பெரியப்பா, மக போனதிலேருந்து என்றார். டாக்டருக்கு அது ஒரு தேதி மாதிரியே கேட்டிருக்க வேண்டும், தலையை ஆட்டினார். தொண்டையை அமுக்கிப் பார்த்தார். கழுத்தில் பாக்கு மாதிரி ஒன்று அவர் விரலுக்கு அகப்பட்டது. கையைத் துடைத்துக்கொண்டே, ஏன் இவ்வளவு நாள் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்றார்.

இத்தனை வருஷம் எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். சத்திரத்திலும் லாரியிலும் ஜெயில் வாசல் டீக்கடையிலும் சாப்பிட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு ஆள் வாய்க்கு வாய் தண்ணீரைத் துணைக்குக் கூப்பிட்டால், சாப்பிட்டு முடித்ததும் குரல் ஈரமானால், நேற்றுத் தின்றதை இன்று வேண்டாம் என்று தள்ளிக் குழைந்ததை மட்டும் கேட்டால், நாலு பேரோடு உட்காராமல் தனியாக உட்கார்ந்தால், நான் கேட்டுவிடுவேன். பசிக்கிறதா என்று கேட்பேன். பாதிப் பேர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அப்பா செத்த அன்று அக்கா வந்தாள். அவளை அழ விட்டார்கள், அதைத் தடுக்க முடியாது. பாடைத்தேரில் வைப்பதற்கு முன்னால் வாய்க்கரிசி போட்டார்கள். புடைக்கிற சுளகில் அரிசி. ஒவ்வொருவராக மூன்று முறை அள்ளி அப்பாவின் வாயில் போட்டார்கள். பங்காளிகள், பெண்கள், கிட்டங்கி ஆட்கள். கூழுக்கு ஏங்கிச் செத்த வாய் அது. அன்றைக்கு அதில் அரிசி நிரம்பி, உதட்டோரம் வழிந்து, காதுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதை யாரும் விழுங்கச் சொல்லவில்லை. அக்கா சுளகில் கை வைத்தாள்.

பெரியப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உன்னாலதான் சோறு எறங்காமச் செத்தான். நீ அரிசி போடவா?”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அக்காவின் கைக்குள் இருந்த அரிசி விரலிடுக்கில் கொட்டியது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், சோறு போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாளே, அதே மாதிரி. அக்கா எழுந்து, முடியை முடிந்துகொண்டு, சந்து முனையைத் தாண்டிப் போனாள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. தம்பியை எரித்த இடத்தில் அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். ஆனால் அவர் நம்பியது தவறு என்றால் அந்தத் தம்பியைக் கொன்றது அவராக ஆகிவிடும். அதனால் சாகும் வரைக்கும் அவர் அதை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அம்மாவும் அப்படியே. ஒரு பெண் பழியைச் சுமந்தால் மற்ற எல்லோரும் தூங்கலாம் என்று ஒரு ஏற்பாடு.

மறுநாள் சாம்பலைக் கரைத்துவிட்டு வீடு வந்ததும், பெரியப்பா என் மொட்டைத் தலையைத் தடவினார். காரியம் முடியட்டும், உங்கப்பன் எடத்துல நீ சிப்பம் தூக்கலாம், நான் பேசிட்டேன் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். சொல்லும்போது அவர் கை பழக்கத்தில் ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தது. நான் அடுப்படிக்குப் போனேன். வெண்கலக் கும்பா கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. பக்கத்தில் தூக்குவாளி இருந்தது. எடுத்துக்கொண்டேன். அந்தக் கும்பாவை மறுபடி நான் பார்க்கவில்லை. பெரியப்பா பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ரெட்டியார்சத்திரத்தில் வண்டிக்காரர் இறக்கிவிட்ட பிறகு மீதியை நடந்தும், ஒரு லாரியின் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்தும் கடந்தேன். ஒட்டன்சத்திரம் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சந்தைக்குப் பின்னால் அழுகின தக்காளி வாடை அடிக்கிற ஒரு வரிசையில் அக்காவின் வீடு. ஒரே அறை. மாமா, அக்காவின் புருஷன், மூட்டை தூக்கப் போயிருந்தார். அக்கா என் தலையைப் பார்த்தாள், தூக்குவாளியைப் பார்த்தாள். தூக்குவாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

நீயும் தின்னு என்றேன்.

“எனக்கு எறங்கலைடா” என்றாள்.

என் கையில் இருந்த சோறு தட்டில் விழுந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய் அவள் கழுத்தைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“பசிக்குதாக்கா?” என்றேன்.

“பசிக்கலை.”

எனக்கு உயிர் வந்தது. வெறும் துக்கம்தான். உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டேன். அவள் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னாள்.

“அப்பாவுக்குப் பசிச்சுச்சுடா.”

மறுநாள் விடிந்ததும் மாமா என்னைச் சந்தையை ஒட்டிய ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கேரளாவுக்கு லாரி ஏற்றிவிட்டு வருகிறவர்கள் காலையிலேயே சோறு தின்கிற கடை. முதலாளி என் தலையைப் பார்த்தார்.

“பழனியா கண்ணு? மொட்டை போட்டுட்டு நேரா இங்க வந்துட்டயாட்டம் இருக்குது.”

ஆமாங்க என்றேன். இலை எடுக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், பெஞ்சைத் துடைக்க வேண்டும் என்று சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக விரலை நீட்டினார்.

“ஒண்ணே ஒண்ணு. சோறு திங்கறவங்க வாயப் பாக்கப்படாது. அது இங்க ஆகாது.”

சரிங்க என்றேன். முதல் பந்தி உட்கார்ந்தது. சோறு விழுந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு, இந்தக் கோடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போனேன்.